தமிழில் பெண்கள் ஆதரவுக் குழு என்று நம்பி 880 வெள்ளி கட்டி ஏமாந்தேன். தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று இரவு பத்து மணிக்குக் கடைசிப் பதில் வந்துவிட்டது. "கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது. உங்கள் புரிதலுக்கு நன்றி." ஐந்து வாரமாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்ததற்குக் கிடைத்தது இவ்வளவுதான். 880 வெள்ளி போயிற்று. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. மகன் தூங்கிவிட்டான், கூடத்து விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் தமிழில் பேசக்கூடிய பெண்கள் ஆதரவுக் குழு எங்கே இருக்கிறது என்று என்னைப் போல இன்னொருத்தி இந்த நேரத்தில் தேடிக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன். எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று கடைசியில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் பதினான்கு வருடத் திருமணம் சென்ற ஆண்டு முடிந்தது. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. நான் பாலர் பள்ளி ஆசிரியை. பகலெல்லாம் பிள்ளைகளோடு ஆடிப் பாடிவிட்டு, சாயந்திரம் உட்லண்ட்ஸில் பேருந்திலிருந்து இறங்கி எங்கள் புளோக்கின் மின்தூக்கிக்குள் நுழையும்போதே கண்ணீர் வந்துவிடும். எங்கள் பகுதிக் குடும்பச் சேவை நிலையத்தில் ஒரு சமூக சேவை ஊழியர் என்னையும் மகனையும் சில மாதம் பார்த்தார். நல்ல மனுஷி, ஒரு காசு வாங்கவில்லை. ஆனால் அவர் சீனர், ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும், வேலை முழுவதும் ஆங்கிலம்தான். அழுகை மட்டும் ஆங்கிலத்தில் வராது. "நாலு பேரு நாலு விதமா பேசுனாங்க" என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் அது வெறும் தகவலாகப் போய்விடுகிறது. எனக்கு வலித்தது சொல்லில் வருவதில்லை.

ஒருவரிடம் தனியாகப் பேசுவதும் எனக்குப் போதவில்லை. இதே நிலைமையில் இருக்கும் நாலு பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஏங்கினேன். நடுவில் முறையாகப் படித்த ஒரு கவுன்சலர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வம்புப் பேச்சாகிவிடும் என்பது எனக்கும் தெரியும்.

இங்குள்ள இந்தியர்களுக்கு உதவும் அமைப்பான சிண்டாவில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்காததற்குக் காரணம் வெட்கம், வேறொன்றும் இல்லை. இங்கே நம் ஆட்கள் எத்தனை பேர்? கோயிலில் பார்த்தவர், என் வகுப்புப் பிள்ளையின் பாட்டி, அம்மாவோடு வேலை பார்த்தவர் என்று யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார் என்ற பயம். உறவில் பாதிப் பேருக்கு விவாகரத்து நடந்ததே தெரியாது. அதனால் காசு கொடுத்தாவது யாருக்கும் தெரியாத ஓர் இடத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் அவர்கள் விலை பேசினார்கள்.

யோகா, மசாஜ், தியானம் என்று எல்லாவற்றுக்கும் முன்பதிவு செய்யும் ஓர் இணையத்தளம் அது. பெயரைப் போட வேண்டாம், உனக்குத்தான் தொல்லை வரும் என்று என் தம்பி சொல்கிறான், அதனால் போடவில்லை. அதில் இப்படி இருந்தது: "கவுன்சலர் வழிநடத்தும் பெண்கள் ஆதரவுக் குழு. முழுக்கத் தமிழில். எட்டு வாரம். எட்டுப் பேர் மட்டும். நூறு விழுக்காடு ரகசியம்." ஐந்து நட்சத்திரம். கட்டணம் 960 வெள்ளி. விசாரித்து ஒரு வரி எழுதினேன், அரை மணி நேரத்தில் அந்தக் குழுவை நடத்தும் அம்மாவே என்னை அழைத்துவிட்டார்.

அந்த அழைப்பைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் முதலில் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?" அவ்வளவுதான். மணி ஒன்பதரை, நான் சாப்பிட்டிருக்கவில்லை. என்னிடம் யாரும் அதைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது தெரியுமா? உடைந்துபோய்விட்டேன். நாற்பது நிமிடம் பேசினேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. இடையிடையே "ம்… சொல்லும்மா" என்று மட்டும் சொல்வார். என் அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் முகம் தெரியாத அவரிடம் சொன்னேன்.

பேசி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார், "ஒரே ஒரு எடம்தான்மா இருக்கு. அந்த வெப்சைட் வழியா கட்டுனா அவங்க கமிஷன் எடுப்பாங்க, ஒனக்குத்தான் நஷ்டம். நேரா பேநவ் பண்ணிடு, 110 வெள்ளி கணக்குல எட்டு வாரத்துக்கு 880 போதும். நாளைக்குள்ள அனுப்பிட்டா எடத்த ஒனக்கு வச்சிடறேன்." எனக்காக 80 வெள்ளி குறைத்தார் என்று அன்று இரவு நன்றி வேறு சொன்னேன். பேநவ் என்பது கைபேசி எண்ணை வைத்தே வங்கியிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வழி. அவர் கொடுத்தது ஒரு கைபேசி எண். எண்ணைத் தட்டியதும் திரையில் வந்தது ஓர் ஆண் பெயர். ஒரு நொடி விரல் நின்றது. சரி, கணக்குப் பார்ப்பவராக இருக்கும் என்று அனுப்பிவிட்டேன். 880 வெள்ளி. மகனின் கணக்கு டியூஷனுக்கு நான்கு மாதக் கட்டணம் அது.

முதல் வாரம் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்தது. என்னையும் சேர்த்து ஆறு பெண்கள். பாய், மெழுகுவர்த்தி, இஞ்சி போட்ட தேநீர். குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு மனம் லேசானது. சுற்றிலும் தமிழ்க் குரல்கள், ஒருத்தி அழுதால் இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் வாய் திறந்தேன். கணவர் போன பிறகும் மூன்று மாதம் இரண்டு டின் அரிசியே போட்டுக்கொண்டிருந்தேன், கை தானாக அள்ளிவிடும், தினமும் சோறு மிஞ்சும், அதைக் கொட்டும்போதுதான் அழுவேன் என்று சொன்னேன். இதை நான் அதற்கு முன் எவரிடமும் சொன்னதில்லை.

இப்போது யோசித்தால் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். முறையான குழு என்றால் சேர்வதற்கு முன் கவுன்சலர் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசுவார், இந்தக் குழு இவருக்குச் சரிப்படுமா என்று பார்க்கத்தான். இந்த அம்மாவும் முன்பே பேசினார்தான், ஆனால் சரிப்படுமா என்று பார்க்க இல்லை. முறையான குழுவில் முதல் நாளே ரகசிய விதிகளைச் சொல்லி, எந்தச் சூழ்நிலையில் மட்டும் வெளியே சொல்ல நேரும் என்பதையும் விளக்கி, ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டாம் வாரம் பாதி நேரம் விற்பனை. மனக்கட்டை அவிழ்க்கும் என்று ஏதோ பூச்சாறு, குட்டிக் குப்பி 45 வெள்ளி. தனிச் சந்திப்பு ஆறு, 1,200 வெள்ளி. அன்றைக்கு நடந்த இன்னொன்றுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரியது. எங்களில் சின்னவள், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும், கணவர் கை ஓங்குகிறார் என்று தலையைக் குனிந்தபடி சொன்னாள். இந்த அம்மா எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னார், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, ஆறு மாசம் பாரு, மாறிடுவாரு." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீட்டில் இன்றிரவு உனக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்றுகூட ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிந்ததும் லிட்டில் இந்தியா எம்ஆர்டி வரை அவளோடு நடந்தேன். 1800 777 0000 என்ற குடும்ப வன்முறை உதவி எண்ணை அவள் கைபேசியில் வேறு பெயரில் போட்டுக் கொடுத்தேன், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாலர் பள்ளி ஆசிரியை எனக்குத் தெரிந்த அளவுகூட, கவுன்சலர் என்று 880 வெள்ளி வாங்கியவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் ஸூமில், அதுவும் நாற்பது நிமிடம்தான். நான்காம் வாரம் ஒரு மணி நேரத்துக்கு முன் ரத்து. அப்புறம் "ஊருக்குப் போறேன், வந்து தொடர்வோம்." எட்டு வாரத்துக்குக் கட்டிய 880 வெள்ளிக்கு நடந்தது மூன்று.

அந்த இடைவெளியில்தான் ஜொகூரில் இருக்கும் பெரியம்மா மகள் ஒரு படத்தை அனுப்பினாள். அந்த அம்மாவின் விளம்பரம். பூப்போட்ட பின்னணியில் இப்படி எழுதியிருந்தது: "அவர் போன பிறகும் இரண்டு டின் அரிசியே போட்டேன். இன்று சோறு மிஞ்சுவதில்லை. 41 வயது, பாலர் பள்ளி ஆசிரியை, ஒரு மகனின் தாய்." கீழே அடுத்த குழுவுக்கான பதிவு எண். பெரியம்மா மகள் கேட்டாள், "அக்கா, இது நீங்களா? மாமா எங்க போனாரு?" அவளுக்கு விவாகரத்து தெரியாது. இப்போது பெரியம்மா வீடு முழுக்கத் தெரியும். சோறு மிஞ்சுவதில்லை என்று நான் சொல்லவும் இல்லை. அதுவும் அவர்களே சேர்த்துக்கொண்டது.

அன்றிரவு எழுதிக் கேட்டேன், நீங்கள் எங்கே படித்த கவுன்சலர் என்று. "பட்டம் பேப்பர்ல இருக்கும்மா, அனுபவம்தான் மனசத் தொடும்" என்று பதில். விடாமல் கேட்டதும் ஒரு சான்றிதழை அனுப்பினார், வார இறுதியில் இரண்டு நாள் இணையத்தில் படித்த வாழ்க்கைப் பயிற்சியாளர் வகுப்பு. எஸ்ஏசி எனப்படும் சிங்கப்பூர்க் கவுன்சலிங் சங்கத்தின் பதிவுப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பார்த்தேன், அவர் பெயர் இல்லை. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. இங்கே கவுன்சலர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. அந்தச் சங்கத்தில் பதிவதும் அவரவர் விருப்பம்தான். மருத்துவரைப் போல இதுவும் இருக்கும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளம்பரத்தை எடுங்கள், 880 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். விளம்பரத்தை எடுக்க நான்கு நாள் ஆனது. பணத்துக்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "இந்தக் கோபம் என் மேல இல்லம்மா, உன் கணவர் மேல. பணத்தக் கேக்கறது உன் காயம்தான், நீ இல்ல." படித்துவிட்டு உண்மையிலேயே பத்து நிமிடம் என்னையே சந்தேகப்பட்டேன். நான் அழுது சொன்னதை எல்லாம் வைத்து என் வாயையே அடைத்தார். அடுத்த வாரம் எழுதினால், "இப்ப மௌன விரதத்துல இருக்கேன்." அதற்கடுத்த வாரம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

இணையத்தளத்தின் உதவிப் பிரிவில் முதல் மூன்று நாள் இயந்திரப் பதில். அப்புறம் ஒருவர் வந்து, பணம் எங்கள் வழியாக வரவில்லை, அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்றார். உங்கள் தளத்தில்தானே கவுன்சலர் என்று போட்டிருந்தது, நீங்கள் சரிபார்க்கவில்லையா என்றேன். விவரங்களுக்குச் சேவை வழங்குபவரே பொறுப்பு என்று பதில் வந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் அங்கேயே இருக்கிறது, ஐந்து நட்சத்திரத்தோடு. பேநவ் பெயர்க்காரரை அழைத்தேன். "நான் அவங்க மருமகன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று வைத்துவிட்டார். வங்கியில், நீங்களே அனுப்பிய பணம், பெற்றவர் சம்மதிக்காமல் எடுக்க முடியாது என்றார்கள்.

இப்போது பயனீட்டாளர் சங்கமான கேஸில் புகார் கொடுத்திருக்கிறேன். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றத்தில் மனுப் போடப் போகிறேன். 5,000 வெள்ளி வரையிலான தொகைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மணி ஒன்றரை ஆகிறது, காலையில் வேலை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கவுன்சலர் என்றால் முழுப் பெயரைக் கேட்டு எஸ்ஏசி பட்டியலில் தேடுங்கள், பெயர் சொல்லத் தயங்கினால் போகாதீர்கள். பேநவ் ஒரு தனியாளின் கைபேசி எண்ணுக்கு என்றால் அனுப்பாதீர்கள், நிறுவனத்துக்கு யூஇஎன் என்ற பதிவு எண் இருக்கும். எட்டு வாரத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள். கடைசி ஓர் இடம் என்று அவசரப்படுத்தினால் வைத்துவிடுங்கள். முதலில் இலவசமாக இருப்பதைக் கேளுங்கள்: குடும்பச் சேவை நிலையம், சிண்டா, அவேர் அமைப்பின் மகளிர் உதவி எண் 1800 777 5555. கவுன்சலர் நடத்தும் பெண்கள் குழுக்களை அவேர் நடத்தியிருக்கிறது, அடுத்தது எப்போது என்று கேட்டு வையுங்கள். நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 1771, உயிரை விடலாம் என்று தோன்றினால் 1767.

சிண்டா இருக்கும் பியாட்டி சாலை அந்தக் கடைவீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். திங்கட்கிழமை அழைத்தேன். தமிழில் பேசினார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், இனி மறைக்க என்ன இருக்கிறது.

அந்த மாடியில் என்னோடு உட்கார்ந்த ஐந்து பேரில் யாராவது இதைப் படித்தால், பேநவ் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் மனுப் போடுகிறேன். சின்னவளே, நீ படித்தால் ஒரு வார்த்தை எழுது. நீ நலமா என்று தெரிந்தால் போதும்.