இசிஜி கைக்கடிகாரமும் நெஞ்சுப் படபடப்பும்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

விலை குறைந்திருக்கிறதே, இசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் வாங்கலாமா என்று என்னைப் போலவே படபடப்பு உள்ள நண்பர் ஒருவர் கேட்டார். பேட்டரி, திரை பற்றியெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் அணிந்தவன் சொல்ல வேண்டியது வேறு.

நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது ஓங்கி அடிப்பதுதான் எனக்குள்ள தொல்லை. மருத்துவமனையில் இசிஜி எடுக்கும் சில வினாடிகளில் அது வராது. இதயத்துடிப்பை 24 மணி நேரமும் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிக்கொண்ட நாளிலும் வரவில்லை. கடிகாரத்தில் விரலை வைத்து எடுத்த 30 வினாடிப் பதிவில்தான் அது சிக்கியது. அந்தப் பதிவைப் பார்த்த இதயநோய் மருத்துவர், இதயத்தின் கீழறையிலிருந்து முந்திக்கொண்டு எழும் கூடுதல் துடிப்பு இது என்றும், அதையடுத்த இடைவெளியில் இதயத்தில் அதிக ரத்தம் நிரம்புவதால் மறுதுடிப்பு ஓங்கி விழுகிறது என்றும் விளக்கினார். எக்கோ என்னும் இதய ஸ்கேன், தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம் எல்லாம் சரியாக இருந்ததால் மருந்து தேவைப்படவில்லை. அந்த ஒரு பதிவுக்கே கொடுத்த பணம் தகும்.

பின்னணியில் நாடியைக் கவனித்து, அது ஒழுங்கு தவறினால் தானாகத் தரும் எச்சரிக்கையிலும் எனக்குக் குறையில்லை. 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில், 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய 0.5 சதவீதத்தினருக்கே அத்தகைய எச்சரிக்கை வந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடித்துப் பக்கவாதத்துக்கு வழிவகுக்கக்கூடிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தேடும் வசதி என்பதால், அது வந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

என்னை வதைப்பது 'முடிவு தெளிவில்லை' என்னும் அறிவிப்பு. நாடி அளவுக்கு மீறி விரைந்தாலும், கை அசைந்தாலும், கூடுதல் துடிப்புகள் குறுக்கிட்டாலும் அதுவே வருகிறது. படபடப்பு வரும்போது நாடி விரையாமல், கை நடுங்காமல் யாரால் இருக்க முடியும்? எந்த நேரத்துக்காக வாங்கினேனோ அந்த நேரத்தில் கைவிரித்துவிடுகிறது. அந்த அச்சத்தில் நாடி இன்னும் விரைய, அடுத்த பதிவும் அப்படியே முடிகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதது நேர்மைதான், ஒப்புக்கொள்கிறேன்; நள்ளிரவில் தனியே விழித்திருப்பவருக்கு அந்த நேர்மை எந்த ஆறுதலையும் தருவதில்லை.

என்னுடையதை நான் விற்கப்போவதில்லை. ஆனாலும் இரவில் அணிவதை நிறுத்திவிட்டேன். நண்பருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றே சொன்னேன். ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக் கலங்கும் இயல்புடைய அவர் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், கடிகாரத்தில் விரலை வைத்துக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். மாரடைப்பைக் கண்டறிய இந்தக் கடிகாரத்தால் இயலாது.