டர்பைனைக் கழுவுவதா, காற்றை வடிகட்டுவதா: மணலியிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் ஆலையின் எரிவாயு டர்பைனுக்கென்று சென்ற ஆண்டு ஒதுக்கப்பட்ட பராமரிப்புத் தொகை, இரண்டு வேலைகளில் ஒன்றுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. டர்பைனுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் பகுதியை, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுவும் அமைப்பைப் பொருத்துவது ஒன்று. காற்று நுழையும் ஃபில்டர் அறையைப் புதுப்பித்து உயர்தர ஃபில்டர்களை வைப்பது மற்றொன்று. நான் ஃபில்டருக்காக வாதாடினேன், அதுவே முடிவாயிற்று. இதற்கு முன் 11 ஆண்டுகள் மத்தியப் பிரதேசத்தில், குஜராத்தின் ஹசீராவிலிருந்து வடக்கே செல்லும் எரிவாயுக் குழாயில் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் நிலையம் ஒன்றில் இதே வகை டர்பைன்களைப் பராமரித்திருக்கிறேன். அங்கே முழுமையாகப் பலனளித்த, டர்பைனை நிறுத்திக் கழுவும் வழி வடசென்னையில் ஏன் போதவில்லை என்பதையே இங்கு எழுதுகிறேன்.

டர்பைன் உண்டாக்கும் மொத்தத் திறனில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை அதன் சொந்தக் கம்ப்ரஸரே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பிளேடுகளின்மேல் மெல்லிய அழுக்குப் படலம் படிந்தாலும் வெளியே கிடைக்கும் திறன் கண்கூடாகக் குறையும். வெயிலால் வரும் குறைவு வேறு: 15 டிகிரிக்குக் கணக்கிடப்பட்ட இயந்திரம் மணலியின் 40 டிகிரிக் கத்திரி வெயிலில் முழுத் திறனைத் தராது. அளவீடுகளை 15 டிகிரிக்குத் திருத்திய பிறகே அழுக்கின் பங்கைப் பேச வேண்டும்.

குழாய் நிலையத்தில் அழுக்கு எளிதில் கண்ணில் படாது. டர்பைன் பெரும்பாலும் முழுச் சுமைக்குக் கீழே ஓடுவதால், கட்டுப்பாட்டு அமைப்பு எரிபொருளைச் சற்றுக் கூட்டி, தேவையான ஓட்டத்தைக் கொடுத்துவிடும். எரிப்பறையை அடுத்துள்ள வெப்பப் பகுதியின் சூடு மட்டும் சத்தமின்றி ஏறும். எரிபொருளும் அந்தக் குழாயிலிருந்தே எடுக்கப்படுவதால், இந்த இழப்பு குழாயின் கணக்கிலேயே கரைந்துவிடும். ஆனால் அங்கே படிவது உலர்ந்த புழுதி. பக்கத்தில் மாற்று யூனிட்டும் காத்திருக்கும். ஒன்றை நிறுத்திச் சில மணி நேரம் ஆறவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரால் மெதுவாகச் சுழற்றியபடி டி.எம். தண்ணீரில் (தாது உப்புகள் நீக்கிய தண்ணீரில்) கலந்த கழுவு திரவத்தைத் தெளித்து ஊறவைத்து, வடியும் நீர் தெளியும்வரை அலசி, உலர்த்தி மீண்டும் ஓட்டுவோம். இழந்த திறன் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். அந்த நிலையத்தில் இருந்திருந்தால் ஃபில்டருக்குப் பெருந்தொகை செலவிட நானே ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

மணலியில் எங்களிடம் இருப்பது ஒரே டர்பைன். அதை நிறுத்தினால் ஆலையும் நிற்கும் என்பதால், ஓடும்போதே கழுவும் முறையை எங்கள் குழுவில் பலர் விரும்பியது இயல்பே. அதற்கும் பயன் உண்டு; நிறுத்திக் கழுவும் நாளை அது தள்ளிப்போடும். ஆனால் தெளிக்கும் நீர் முன்வரிசைப் பிளேடுகளைத்தான் கழுவுகிறது. உள்ளே போகப் போகக் காற்று சூடேறி நீர் ஆவியாகிவிட, முன்னால் பெயர்ந்த அழுக்கு பின்வரிசைகளில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். நிறுத்திக் கழுவுவதற்கு அது மாற்றாகாது.

என் முடிவைத் தீர்மானித்தது உப்பு. எண்ணூர், காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு வட்டாரத்தில் ஜன்னல் கம்பிகள் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதை இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்து திரவமாகிவிடும். இங்கே இரவிலும் விடியற்காலையிலும் பெரும்பாலும் அந்த நிலைதான். பகலில் சாதாரண ஃபில்டரில் துகளாகச் சிக்கிய உப்பு, இரவில் கரைசலாகி, அதே ஃபில்டரின் மறுபக்கத்தில் கசிந்து டர்பைனுக்குள் போகிறது. கம்ப்ரஸர் பிளேடில் படிந்த உப்பைத் தண்ணீர் கழுவிவிடும். ஆனால் அதைத் தாண்டி எரிப்பறைக்குள் போன உப்பை எந்தக் கழுவலாலும் பிடிக்க முடியாது. அங்கே உப்பின் சோடியம் கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்ஃபேட்டாகி, வெப்பப் பகுதிப் பிளேடுகளில் உருகிப் படிந்து, நிக்கல் உலோகக் கலவையைக் காக்கும் ஆக்சைடு படலத்தை அரிக்கிறது. எல்.என்.ஜி. எனப்படும் திரவ இயற்கை எரிவாயுவிலிருந்து வரும் எரிவாயுவில் கந்தகம் அநேகமாக இல்லை என்று நிம்மதி கொள்ள முடியாது. அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலையும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் காற்றே கந்தகத்தைக் கொண்டுவந்து தரும். பழைய ஃபில்டர்கள் இருந்த காலத்தில் கழுவிய பிறகும் ஒரு பகுதி திறன் திரும்பாமலே நின்றது. இயந்திரத்தைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க உதவும் போரோஸ்கோப் கருவியில் பார்த்தபோது, முதல் வரிசை வெப்பப் பிளேடுகளின் மேற்பூச்சில் அரிப்பு தொடங்கியிருந்தது. கழுவலில் மீள்வது இழப்பின் ஒரு பகுதிதான் என்பதையும், மீளாத பகுதியை வாசலிலேயே தடுக்க வேண்டும் என்பதையும் அந்தப் படங்களை வைத்தே நிர்வாகத்திடம் விளக்கினேன்.

நீரை ஒட்டவிடாத, மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் இ12 தர ஃபில்டர்களை இப்போது மூன்றாம் கட்டமாக வைத்திருக்கிறோம். முன்பு ஆறு வாரத்துக்கு ஒருமுறை தேவைப்பட்ட கழுவல், இப்போது ஐந்து மாதத்துக்கு ஒருமுறை போதும் என்ற நிலை வந்திருக்கிறது.

இதற்கு விலை உண்டு. நெருக்கமான ஃபில்டர் காற்றை அதிகம் தடுக்கும். 100 மில்லிமீட்டர் நீர்மட்ட அளவுக்கு அழுத்தம் குறைந்தால் திறனில் சுமார் ஒன்றரை சதவீதம் போகும். இந்தப் பக்கத்துக் காற்றில் நிலக்கரித் தூசியும் சாம்பலும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் அவை நனைந்து களியாகி, முன் ஃபில்டர்களை ஒரே வாரத்தில் அடைத்ததையும் பார்த்தேன். ஆகவே முன்கட்ட ஃபில்டர்களை மழைக்காலத்தில் தாராளமாக மாற்றிவிடுகிறோம். அவை மலிவானவை, மாற்றுவதற்கு டர்பைனை நிறுத்தவும் வேண்டாம். மூன்றாம் கட்ட ஃபில்டர்களை இன்னும் ஒருமுறைகூட மாற்றவில்லை என்பதால், அவற்றின் முழு ஆயுட்செலவைப் பற்றி நான் உறுதியாக எழுதுவது முறையாகாது.

ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஓரத்து ரப்பர் வழியாகக் காற்று நுழைந்தால் செலவழித்த பணம் வீணாகிவிடும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் டர்பைன் நிற்கும் நாளில், ஃபில்டர் அறையின் சுத்தமான பக்கத்தில் ஒருவர் இருட்டில் நிற்க, இன்னொருவர் வெளியிலிருந்து விளக்கடித்துக்கொண்டே வருவார். இந்த முறை மூன்று இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. மூன்றையும் அன்று மாலைக்குள் அடைத்த பிறகே டர்பைனை மீண்டும் ஓட்டினோம்.