பொமோனா, பெரம்பூர், டார்லிங்டன்: பழைய இன்ஜினை எழுப்ப மூன்று வழிகள்

எங்கள் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் ஒரு ஆயில் இன்ஜின் இருபது வருடம் சும்மா கிடந்தது. சிலிண்டருக்குள் டீசலை ஊற்றி ஒரு வாரம் ஊறவிடச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். எனக்கும் சித்தப்பாவுக்கும் மூன்று நாளுக்கு மேல் பொறுமை இல்லை. ஃப்ளைவீலில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம். டப்பென்று ஒரு சத்தம். பிஸ்டன் நகர்ந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் ரிங் மூன்று துண்டு.

அதற்குப் பிறகு, பல வருடம் கிடந்த ரயில் இன்ஜினை ஓட்டிவிட்டார்கள் என்று எங்கே படித்தாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: எதைக் கழற்றினார்கள், எதைப் புதிதாகப் போட்டார்கள்? இந்தக் கேள்விக்கு மூன்று ஊர்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

முதலில் அமெரிக்கா. யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 1941 முதல் 1944 வரை 25 'பிக் பாய்' இன்ஜின்கள் செய்யப்பட்டன. எரிபொருளும் தண்ணீரும் ஏற்றும் பின்வண்டியான டெண்டரோடு சேர்த்தால் 40 மீட்டர் நீளம், சுமார் 540 டன் எடை. 1961-இல் ஓய்வு பெற்ற 4014-ஆம் எண் இன்ஜின் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் அருங்காட்சியகப் பொருளாக நின்றது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2013-இல், ரயில்வே அதைத் திரும்ப வாங்கியது. பிக் பாய் எட்டு மிச்சம் இருக்க இதை எடுத்ததற்கு ஒரு காரணம் பொமோனாவின் வறண்ட காற்று. பனியிலும் மழையிலும் நின்றிருந்தால் இரும்பு இவ்வளவு மிஞ்சியிருக்காது.

அது நின்ற இடத்திலிருந்து பிரதான பாதைக்குத் தண்டவாளமே கிடையாது. வாகனம் நிறுத்தும் மைதானத்தில் தற்காலிகத் தண்டவாளத் துண்டுகளைப் போட்டார்கள். இன்ஜினை அதன் மேல் இழுப்பது, பின்னால் காலியான துண்டைப் பெயர்த்து முன்னால் கொண்டுவந்து போடுவது, மறுபடி இழுப்பது. நம் ஊரில் தேர் வடம் பிடித்தவர்களுக்கு அந்த வேகம் புரியும்.

2014 மே மாதம் வயோமிங் மாநிலத்தின் செயன் நகரப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அங்கே மேல்பூச்சு வேலை எதுவும் இல்லை, சக்கரம் வரைக்கும் பிரித்துவிட்டார்கள். நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். 1869-இல் கண்டத்தைக் குறுக்காக இணைத்த ரயில் பாதையின் 150-ஆம் ஆண்டு விழாவுக்கு, 2019 மே மாதம், அது தானே ஓடிப் போய்ச் சேர்ந்தது.

இந்த வழியில் உயிர்நாடி பாய்லர்தான். நெருப்பு எரியும் பெட்டிக்கும் அதன் வெளிச்சுவருக்கும் நடுவே தண்ணீர் நிற்கும். இரண்டு சுவர்களையும் ஆயிரக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன. போல்ட்டுக்குள் நீளவாக்கில் ஒரு மெல்லிய துளை போட்டிருப்பார்கள். போல்ட் உள்ளே முறிந்தால் அந்தத் துளை வழியே நீராவி சீறும். எத்தனை எளிமையான எச்சரிக்கை மணி! ஆனால் அது வேலை செய்ய உள்ளே அழுத்தம் இருக்க வேண்டும். ஆறிக் கிடக்கும் பாய்லரில் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுக்க வேண்டும். நல்ல போல்ட் கணீரென்று சொல்லும், முறிந்தது சொத்தென்று கேட்கும். அப்புறம் தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் கட்டம் கட்டமாக அளக்க வேண்டும். கடைசியாகத் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பது அமெரிக்க விதி. தண்ணீரில் விட்டுப்போனால் ஒழுகும், அவ்வளவுதான். அதையே நீராவியில் சோதித்தால் பட்டறையே இருக்காது. இத்தனையும் தேறினாலும், நெருப்பு மூட்டிய நாட்கள் 1,472-ஓ 15 ஆண்டுகளோ, எது முன்னால் வருகிறதோ அப்போது மறுபடி எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி பெரம்பூர். 1856 முதல் இயங்கும் பட்டறை அது. அங்கே வந்த இன்ஜின், ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் 21-ஆம் எண், சுருக்கமாக இ.ஐ.ஆர். 21. அது பட்டறையைவிட ஒரு வயது மூத்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்து கப்பலில் வந்தது, 1909-இல் ஓய்வு பெற்றது. ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு வருடத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. வரும்போதே பல பாகங்கள் துருவேறியும் காணாமலும் போயிருந்தன. பொமோனா இன்ஜினைப் போல 'இருப்பதைச் சரிசெய்வோம்' என்று இங்கே உட்கார முடியாது, இல்லாததைச் செய்தாக வேண்டும். கூடுதலாக நவீன பிரேக்கும் சேர்த்தார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. பிற்பாடு எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவிலும் ஓட்டினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். செயன் பட்டறையில் 1944-இல் வந்த 844 என்ற நீராவி இன்ஜினுக்கு ஓய்வே கொடுத்ததில்லை. அதனால் கைவேலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருந்தது. இங்கேயோ அகல ரயில் பாதையில் வழக்கமான நீராவி ரயில்கள் 1995-இல் நின்றுவிட்டன. பதினைந்து வருடம் கழித்து, வேறு வேலைக்குப் பழகிய பட்டறையில் இதைச் செய்தது, என் கணக்கில், பிக் பாயைவிடக் கடினமான காரியம். அளவில் அது யானை, இது ஆட்டுக்குட்டி என்றாலும்.

மூன்றாவது வழியில் பழைய இரும்பே கிடையாது. பிரிட்டனில் 1948, 49-இல் செய்த ஏ1 வகை இன்ஜின்கள் 49. அத்தனையும் 1966-க்குள் உடைத்து இரும்புக்குப் போய்விட்டன. சரி, ஐம்பதாவதை நாமே செய்வோம் என்று 1990-இல் ஆர்வலர்கள் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அப்படி இங்கிலாந்தின் டார்லிங்டனில் செய்த 'டொர்னேடோ' 2008-இல் தண்டவாளத்தில் நகர்ந்தது. சுமார் 30 லட்சம் பவுண்டு, பதினெட்டு வருடம். பாய்லர் ஜெர்மனியின் மைனிங்கனில் செய்தது. பழைய இன்ஜின்களில் இருந்த செம்பு நெருப்புப் பெட்டிக்குப் பதில் முழுக்க வெல்டிங் செய்த எஃகு. 2017-இல் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டியது. அடுத்த வருடமே வேகமாக ஓடிக்கொண்டிருக்கையில் வால்வு இயக்கப் பகுதி உடைந்து நடுவழியில் நின்றதும் உண்டு. புதுசு என்பதால் மட்டும் தொல்லை போய்விடாது.

எது மேல்? ஓட்டுவதற்கு மட்டும் என்றால் டொர்னேடோதான். தகடு எவ்வளவு தேய்ந்திருக்கும், எந்த போல்ட் ஏமாற்றும் என்ற நடுக்கம் இல்லை. பழைய பொருள் எதுவும் அழியவும் இல்லை. ஸ்டீஃபன்சனின் 1829 'ராக்கெட்' ரயில் இன்ஜின் விஷயத்திலும் பிரிட்டன்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். அசல் அருங்காட்சியகத்தில் அசையாமல் நிற்கிறது, ஓட்டுவதற்கு 1979-இல் ஒரு பிரதி செய்தார்கள். 4014-ஐப் பிரித்ததிலும் எனக்கு வருத்தமில்லை. மற்ற ஏழு பேர் தொடப்படாமல் நிற்கிறார்கள்.

பெரம்பூர் வேலையில்தான் எனக்கு மனம் இரண்டுபடுகிறது. இ.ஐ.ஆர். 21-க்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதே லீட்ஸ் பட்டறை, அதே 1855, எண் 22: 'ஃபேரி குயீன்'. அதை 1997-லேயே ஓட்டிவிட்டோம். இரண்டாவதையும் ஓட்டியபோது, 1855-இல் லீட்ஸ் தொழிலாளி அரம் வைத்துத் தேய்த்த தடம், அந்தக் காலத்துப் பழுதுபார்ப்பின் ஒட்டு எல்லாம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஒன்றை ஓடவிட்டு, ஒன்றைத் துருவோடு அப்படியே விட்டிருக்கலாம். இதைச் சொல்லும் நான்தான், எழும்பூரில் அது விசில் கொடுத்தபோது பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடைமேடை கோடி வரை ஓடியவன்.

தோட்டத்து ஆயில் இன்ஜினுக்கு இன்னும் ரிங் வாங்கவில்லை. சித்தப்பா பழைய கடையில் தேடலாம் என்கிறார். மெக்கானிக் அண்ணனோ, புது செட் போட்டால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார்.