மன்னரும் குடியரசுத் தலைவரும்: பிரிட்டனும் இந்தியாவும்

தருமபுரியிலோ ஓசூரிலோ போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர், பிரிட்டனின் மன்னராட்சியையும் நமது குடியரசையும் நேரெதிர் முறைகள் என்று எண்ணிவிடக்கூடும். அன்றாட ஆட்சியில் இரண்டும் மிக நெருக்கமானவை: கீழவையின் நம்பிக்கையைப் பெற்ற பிரதமரே ஆள்கிறார், நாட்டின் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி கையொப்பமிடுகிறார்.

அந்தத் தலைவர் எங்கிருந்து வருகிறார் என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. 2022-இல் எலிசபெத் அரசி மறைந்த அக்கணமே மூன்றாம் சார்லஸ் மன்னரானார். அதற்கு எவருடைய வாக்கும் தேவைப்படவில்லை. இங்கோ, பென்னாகரம் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினருக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கு உண்டு. 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் அந்த வாக்கின் மதிப்பு 176. தருமபுரி மாவட்டத்தின் 5 தொகுதிகளுக்கும் கிருஷ்ணகிரியின் 6 தொகுதிகளுக்கும் சேர்த்து 1,936.

மசோதாக்களுக்கு ஒப்புதல் தருவதில் நிலைமை சற்று விந்தையானது. பிரிட்டனில் மன்னரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் எழுதப்படாத மரபே. ஆயினும் 1708-இல் அரசி ஆன் ஒரு மசோதாவை மறுத்ததற்குப் பின் எந்த மன்னரும் மறுத்ததில்லை. நமது அரசியலமைப்போ 74, 111 ஆகிய பிரிவுகளில் விதிகளை எழுதிவைத்திருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பி, நாடாளுமன்றம் அதையே மீண்டும் நிறைவேற்றினால் அவர் ஒப்புதலை மறுக்க முடியாது. ஆனால் முதல் முடிவுக்கு 111-ஆம் பிரிவு காலக்கெடு எதையும் குறிக்கவில்லை; 1986-இல் நிறைவேறிய அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவை அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஏற்காமலும் திருப்பாமலும் நிறுத்திவைக்க அந்த இடைவெளியே வழிவிட்டது.