ஆன்டிபயாடிக் பாதித்தால் எங்கே போவது? கன்ஸ்யூமர் கோர்ட்டா, மெடிக்கல் கவுன்சிலா, போலீஸா?

ஊசி போட்டதில் காது போய்விட்டது, மாத்திரையால் தோல் உரிந்துவிட்டது என்று போனால் வக்கீல் முதலில் கேட்பது, "டாக்டர் என்ன தப்பு செய்தார்?" என்பதுதான். கேட்க எரிச்சலாக இருக்கும். ஆனால் நியாயமான கேள்வி. பக்கவிளைவு வந்தது என்பது மட்டும் வழக்கு ஆகாது.

கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகள் அபூர்வமாக ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயைக் கிளப்பிவிடும். தோல், வாய், கண் எல்லாம் வெந்ததுபோல் உரியும். அது யாருக்கு வரும் என்று பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் சல்ஃபா ஒத்துக்கொள்ளாது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தும் கொடுத்தார்களா, தடிப்பு கிளம்பிய பிறகும் நிறுத்தாமல் தொடர்ந்தார்களா என்று பாருங்கள். வழக்கு அங்கேதான் இருக்கிறது. அமிகாசின், ஜென்டாமைசின் ஊசிகளால் போகும் காது பெரும்பாலும் திரும்பாது. சிறுநீரகம் பழுதானவருக்குக் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைகூடப் பார்க்காமல் முழு டோஸை நாள்கணக்கில் ஏற்றியது பதிவில் தெரிந்தால் வாதாடப் பிடி கிடைத்துவிடும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதற்கு அடுத்த கேள்வி. இழப்பீடுதான் வேண்டும், பணம் கொடுத்துச் சிகிச்சை பெற்றிருக்கிறீர்கள் என்றால் கன்ஸ்யூமர் கோர்ட் என்கிற நுகர்வோர் ஆணையத்தைத்தான் முதலில் வைப்பேன். மருத்துவமும் 'சேவை'தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் வசதி. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிக்காது. சிகிச்சைக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கும். பில் 80 ஆயிரம், கேட்பது 40 லட்சம் என்றாலும் மாவட்ட ஆணையமே போதும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. சென்னையில் சிகிச்சை பெற்றவர் தென்காசிக்காரர் என்றால் தென்காசியிலேயே மனுப் போடலாம். கெடு 2 வருடம்.

குறை இல்லாமல் இல்லை. 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம். நடப்பில் வருடக்கணக்கில் இழுக்கும். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி தேவையில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மலேரியாவை டைபாய்டு என்று எண்ணி வைத்தியம் பார்த்த வழக்கில். பிழை அப்படிப் பளிச்சென்று தெரிந்தால் சரி. இந்த மருந்தால்தான் இந்தக் கேடு என்று காட்ட வேண்டிய வழக்குகளில் இன்னொரு டாக்டரின் கருத்து இல்லாமல் நகர்வது கஷ்டம்.

மூன்று வழிகளையும் ஒரே வழக்கில் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவில் 1998-ல் நடந்த சிகிச்சையைப் பார்க்கலாம். ஸ்டீவன்ஸ்-ஜான்சனின் கடுமையான வடிவமான டென் என்ற தோல் நோய் வந்த இளம்பெண் இறந்துபோனார். அங்கே பிரச்சினையானது ஆன்டிபயாடிக் அல்ல, அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு. ஆனாலும் வழக்கின் போக்கு நமக்கு அப்படியே பொருந்தும். மாநில மெடிக்கல் கவுன்சில் டாக்டர்கள்மேல் தவறில்லை என்றது. கிரிமினல் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. அதே தீர்ப்பில், இழப்பீட்டுக்குப் பொறுப்பு உண்டு என்றும் சொன்னது. நுகர்வோர் வழக்குதான் கடைசியில் 2013-ல் சுமார் 6 கோடி ரூபாயும் 6% வட்டியும் பெற்றுத் தந்தது. கணவரே ஒரு டாக்டர், விடாப்பிடியானவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மெடிக்கல் கவுன்சிலால் பதிவை நிறுத்தி வைக்க முடியும், எச்சரிக்க முடியும். ஒரு பைசா இழப்பீடு தர முடியாது. விசாரிப்பவர்களும் டாக்டர்களே. முடிவு பிடிக்காவிட்டால் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையை 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் டாக்டருக்குத்தான் வெளிப்படையாகத் தந்திருக்கிறது. நோயாளி தரப்பு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

போலீஸ் புகார்? கோபத்தில் எல்லோரும் முதலில் நினைப்பது அதைத்தான். உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்புப்படி சாதாரணக் கவனக்குறைவு போதாது, படுமோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும். நடவடிக்கைக்கு முன் வேறொரு டாக்டரின் கருத்தும் வாங்க வேண்டும். மரணம் நேர்ந்தாலே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் டாக்டருக்கு அதிகபட்சம் 2 வருடச் சிறைதான். பாதித்தவர் உயிரோடு இருக்கும் வழக்குகளில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருந்துக் கம்பெனிமேல் போடலாமே என்பார்கள், அமெரிக்கச் செய்திகளைப் படித்துவிட்டு. லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் குதிகால் தசைநாணைக் கிழிக்கக்கூடும் என்று 2008-ல் அங்கே கறுப்புக் கட்ட எச்சரிக்கை (மருந்து லேபிளில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) வந்தது. ஆயிரக்கணக்கில் வழக்குகளும் நடந்தன. அங்கேயேகூட ஜெனரிக் மருந்து சாப்பிட்டவர், எச்சரிக்கை போதவில்லை என்று அதைத் தயாரித்த கம்பெனிமேல் வழக்குப் போட முடியாது என்று 2011-ல் தீர்ப்பாகிவிட்டது. நம் நுகர்வோர் சட்டத்திலும் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயம் உண்டு. ஆனால் 87-ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: நிபுணர் மேற்பார்வையில் மட்டும் தர வேண்டிய பொருள் என்றால், கம்பெனி அந்த நிபுணரைத் தக்கபடி எச்சரித்திருந்தாலே போதும். கலப்படம், தரக்குறைவு என்று ஆய்வகம் சொன்னால் கதை வேறு.

எல்லோருக்கும் முழு இலவசமாக நடக்கும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் இல்லை. சிவில் வழக்கு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பே எடுத்துக் கொடுத்திருந்தால் கடைமேல் வழக்கு சுலபம் என்று தோன்றும்; "நீங்கள்தானே கேட்டு வாங்கினீர்கள்" என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள். செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் எல்லாம் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய எச்1 பட்டியலில் இருப்பவை. யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பில் தராமல், அட்டையைக் கத்தரியால் வெட்டி நாலு மாத்திரை கொடுக்கும்போது பேட்ச் எண் உள்ள துண்டு கடையிலேயே தங்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். மீந்த மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாமல் கேஸ் ஷீட், நர்ஸ் எழுதும் மருந்து சார்ட் இரண்டுக்கும் நகல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. எந்த ஊசி எத்தனை மணிக்கு ஏறியது, தடிப்பு எப்போது தெரிந்தது என்பதெல்லாம் அந்த சார்ட்டில்தான் இருக்கும்.