வீட்டில் வளர்க்க பட்ஜியா, காக்கட்டீலா?

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜிதான். உண்மையான லவ் பேர்டு ஆப்பிரிக்கப் பறவை. சிறு கிளியான பட்ஜிக்கும், தலையில் கொண்டை வைத்த கிளியான காக்கட்டீலுக்கும் தாயகம் ஆஸ்திரேலியா.

பட்ஜி சுமார் 18 செ.மீ. நீளம். நாள் முழுவதும் கீச்சிட்டாலும் காதைத் துளைக்காது. பொறுமையாகப் பழக்கினால் ஆண் பறவை சொற்களைப் பிடித்துக்கொள்ளும்.

காக்கட்டீல் பேச்சில் மட்டம், சீட்டியில் கெட்டி. கொண்டையே மனநிலையைச் சொல்லிவிடும்: விறைத்து நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, தலையோடு ஒட்டப் படிந்து, சீறவும் செய்தால் கோபம், விரலை நீட்டாதீர்கள். இறகிலிருந்து வெண்பொடி உதிர்வதால் ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு ஆகாது. இருட்டில் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும். இரவில் சிறு விளக்கு வேண்டும். 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

தலையைச் சொறியக் குனிந்து கொடுக்கும் பறவைதான் வேண்டுமென்றால், பொடியைத் துடைத்துக்கொண்டே நான் காக்கட்டீலைச் சொல்வேன்.

பச்சைக்கிளியா? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பதே குற்றம்.