அடங்காத டின்னுக்கு எந்த ஓப்பனர்?

புதுச்சேரியில் டின் ஓப்பனர் வாங்குவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரசகுல்லா டின், அன்னாசி டின், மாம்பழக் கூழ் டின் என்று வட்ட டின்களோடு இங்கே கதை முடிவதில்லை. பிரான்சில் இருக்கும் சித்தப்பாவோ அத்தையோ லீவுக்கு வந்தால் பெட்டியிலிருந்து சார்தீன் (மத்தி மீன்), பாத்தே (அரைத்த இறைச்சி), வாத்துக்கறி போட்ட கசூலே (பீன்ஸ் குழம்பு) என்று டின் டின்னாக விதவிதமாக இறங்கும். இனிப்புக் கடை, பேக்கரி வைத்திருப்பவர்களுக்குப் பண்ருட்டி முந்திரி டின் தெரியும்: 11.34 கிலோ, அதாவது 25 பவுண்டு, நாலு மூலையும் கூராக நிற்கும். எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டினால், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது டின்னின் விளிம்பை. மூடியின் ஓரமும் உடம்பின் ஓரமும் இரண்டு கை விரல்களைக் கோத்துப் பிடித்தது போல ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, அழுத்தப்பட்டு அந்த விளிம்பு உண்டாகிறது. அந்த இடத்தில் மட்டும் ஐந்து அடுக்குத் தகடு. தகட்டை உருளையாக வளைத்து இணைத்த நெடுக்கு மூட்டு விளிம்பில் வந்து சேரும் இடம் இன்னும் தடிப்பாக இருக்கும். சக்கர ஓப்பனர் ஒழுங்காகச் சுற்றி வந்து ஒரே இடத்தில் மட்டும் நின்று வழுக்குகிறதென்றால் அந்த மூட்டுதான் காரணம், அல்லது விளிம்பு நசுங்கியிருக்கிறது.

இனி ஆளாளுக்கு. ரொம்பப் பழையது கொக்கி ஓப்பனர். பெரிய மார்க்கெட் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் கேட்டாலே எடுத்துப் போடுவார்கள். வளைந்த கத்தி, விளிம்பில் மாட்ட ஒரு பல், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கியது 1810இல். குத்திக் கிழிக்கும் ஓப்பனருக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் வாங்கியது 1858இல். நடுவில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு உளியும் சுத்தியலும்தான்! அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் முரட்டு டின் என்றால் இந்தக் கிழவனை மிஞ்ச ஆளில்லை. காரணம் எளிது. இது விளிம்பைச் சுற்றி ஓடுவதில்லை, ஒவ்வொரு குத்துக்கும் புதிதாக ஓர் இடத்தில் ஊன்றிக்கொள்கிறது. நசுங்கல் வந்தால் அதைத் தாண்டி அடுத்த இடத்தில் மாட்டலாம். மூலை வந்தால் டின்னைத் திருப்பிவிட்டுத் தொடரலாம். முந்திரி டின், நெய் டின், சதுர சார்தீன் டின் எல்லாம் இதற்குச் சாதாரணம்.

குறையும் உண்டு. வெட்டிய ஓரம் ரம்பப் பல்லாக நிற்கும், கையை வைத்தால் கிழித்துவிடும். தகரத் துணுக்கு உள்ளே விழலாம் என்பதால் பாகு, கூழ் போன்றவற்றைப் பார்த்து ஊற்ற வேண்டும். மணிக்கட்டில் பலமும் வேண்டும். மடக்குக் கத்தியில் வரும் சின்ன ஓப்பனரும் இதே இனம்தான். பயணத்துக்குச் சரி, 11 கிலோ டின்னோடு அதை மல்லுக்கட்ட விடாதீர்கள்.

இரண்டு கைப்பிடியும் திருகுச் சாவியும் உள்ளதைத்தான் இன்று பெரும்பாலோர் டின் ஓப்பனர் என்கிறார்கள். ஒரு சக்கரம் வெட்டும். பல் வைத்த இன்னொரு சக்கரம் விளிம்பை அடியிலிருந்து பிடித்து டின்னை நகர்த்தும். நல்ல வட்ட டின்னுக்கு இதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் இதன் உயிர் அந்தப் பல் சக்கரத்தில் இருக்கிறது. மலிவான இரும்பில் பல் சீக்கிரம் மழுங்கும், அப்புறம் சாவி சுற்றும், டின் நகராது. கூர் மூலையில் திரும்பாது. இடது கைக்காரர்களுக்கு எப்போதுமே வம்பு. இதை வாங்குவதென்றால் கொஞ்சம் காசு கூடப் போட்டுக் கனமானதாக வாங்குங்கள். லேசானது பழுதில்லாத டின்னிலேயே தடுமாறும்.

பக்கவாட்டில் வெட்டும் புது ரகம் பார்க்க அருமையாக இருக்கும். மூடியை வெட்டாமல் மடிப்பின் வெளித் தகட்டை மட்டும் அறுப்பதால் மூடி முழுசாகக் கழன்று வரும். ஓரம் கையைக் கிழிக்காது, சக்கரம் உணவில் படாது. குழந்தைகள் உள்ள வீட்டில் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் கஷ்டமான டின் என்று வரும்போது முதலில் கைவிரிப்பது இதுதான். விளிம்பு அச்சு அசலாக இருந்தால்தான் அறுக்கும். இன்னொன்று, டூனா மீன் டின்னில் வெட்டிய மூடியை உள்ளே அழுத்தி எண்ணெயை வடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உதவாது. மூடி மடிப்போடு சேர்ந்து வருவதால் உள்ளே இறங்காது.

பேட்டரி ஓப்பனர்? மூட்டுவலி உள்ள பாட்டிக்கு வாங்கிக் கொடுங்கள். நசுங்கலில் மாட்டினால் உர்ரென்று நின்றுவிடும்.

இழுத்துத் திறக்கும் வளையம் பிய்ந்துபோன டின்தான் பலரை அழவைக்கும். கவிழ்த்து அடிப்பக்கம் வெட்டலாமே என்று தோன்றும். ஆனால் சார்தீன், டூனா டின்கள் பல ஒரே தகட்டில் அழுத்தி எடுத்தவை, அடியில் விளிம்பே இருக்காது. பிடிக்க இடமில்லாமல் சக்கரம் வழுக்கும். மேல்பக்கமே, மூடி பிரிவதற்காகக் கீறியிருக்கும் கோட்டுக்கு உள்ளாகக் கொக்கியால் குத்தித் திறப்பதுதான் வழி. உப்பியிருக்கும் டின்னையும், மடிப்பிலேயே ஆழமாக நசுங்கிய டின்னையும் மட்டும் எந்த ஓப்பனராலும் திறக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

ஆக, என் கணக்கு இரண்டு: தினசரிக்குக் கனமான திருகு, அடங்காததற்கு ஒரு கொக்கி. கடையில் திருகு ஓப்பனரின் கைப்பிடிகளை இறுக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சாவியைச் சுற்றிப் பாருங்கள். சக்கரங்கள் ஆடினாலோ இடையில் வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தாலோ வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். நம் கடற்காற்றில் துருவும் சும்மா விடாது. கழுவியதும் துடைத்து, சக்கரத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு வையுங்கள்.